புரோசஸ் அட்டவணையும் கோர் அட்டவணையும்: எக்ஸ்வி6 கர்னல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பாலிடெக்னிக்குக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போயிருக்கும் பிள்ளைகளுக்காக இந்தப் பக்கம். அங்கே பாடம் மலாயில் நடக்கும், அல்லது ஆங்கிலத்தில் நடக்கும். கருத்து பிடிபடும் நேரத்தில் சொல் இடறிவிடுகிறது என்பதால், இயங்குதளப் பாடத்தில் எல்லாரும் தடுமாறும் ஒரு பகுதியைத் தமிழில் பிரித்து வைக்கிறோம்: இயங்குதளத்தின் மையமான கர்னல், ஓடும் நிரல்களையும் (புரோசஸ்) சில்லின் செயலகங்களையும் (கோர்) எப்படிக் கணக்கு வைக்கிறது என்பது. மூலநிரலில் உள்ள பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். நிரலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் எது எது என்று உடனே தெரிந்துவிடும்.

படிக்கும்போது ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்தக் குறிப்பு யாருடையது, இதை எழுத எந்தப் பூட்டு கையில் இருக்க வேண்டும்? பூட்டு என்பது ஒரு குறிப்பை ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் தொட விடும் ஏற்பாடு.

எந்தக் கர்னலை வைத்துப் பேசுகிறீர்கள்? ஏன்?

எக்ஸ்வி6. 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2006இல் பாடத்துக்காக எழுதப்பட்டது. முதலில் எக்ஸ்86 சில்லுக்கு எழுதினார்கள். 2019இல் ரிஸ்க்-ஃபைவுக்கு மாற்றினார்கள். இங்கே சொல்வதெல்லாம் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பைப் பற்றியது. ஒரு மனிதர் முழுவதையும் உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய அளவு என்பதே இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

பழைய மடிக்கணினி போதுமா?

போதும். கியூஎமு என்ற மென்பொருள் ஒரு பொய்க் கணினியை உண்டாக்கித் தருகிறது. அதில் எக்ஸ்வி6க்குக் கிடைக்கும் நினைவகம் 128 எம்பி மட்டுமே. உபுண்டு நேரடியாக இருந்தாலும் சரி, விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வழியாக இருந்தாலும் சரி. மத்தியானம் இடி மின்னலோடு மழை பிடித்தால் கரண்டு போகும் ஊர் நம்முடையது. ஒவ்வொரு சிறு மாற்றம் ஓடியதும் கிட் என்ற நிரல் காப்பகத்தில் பதிந்து வையுங்கள்.

புரோசஸ் அட்டவணை என்றால் சரியாக என்ன?

தோட்டத்துச் செக்ரோல் பார்த்தவர்களுக்கு இது சுலபம். ஆளுக்கு ஒரு வரி. பெயர், எண், இன்று வேலையில் இருக்கிறாரா, எந்த நிரை. கர்னலிலும் ஒவ்வொரு புரோசஸுக்கும் ஒரு வரி உண்டு; அந்த வரியின் வகைப் பெயர் புரோக். மொத்தம் 64 வரிகள் கொண்ட ஓர் அணி, கர்னலைக் கட்டும்போதே அளவு முடிவாகிவிடுகிறது. ஒரு வரி 360 பைட். ஆகவே முழு அட்டவணையும் 23,040 பைட்தான்.

65ஆவது ஆளுக்கு வரி கிடையாது. பிள்ளைப் புரோசஸை உண்டாக்கும் ஃபோர்க் -1 என்று திரும்பும், கர்னல் விழாது. ஃபோர்க்டெஸ்ட் என்ற சோதனையை ஓட்டும்போது முதல் புரோசஸான இனிட், கட்டளை வாங்கும் ஷெல், ஃபோர்க்டெஸ்ட் மூன்றும் ஏற்கெனவே இடம் பிடித்திருப்பதால் 61 பிள்ளைகளோடு நின்றுவிடும். உங்கள் மாற்றத்துக்குப் பிறகு அந்த எண் 60 ஆகக் குறைந்தால், எங்கோ ஒரு வரியை விடுவிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அந்த வரிக்குள் என்னென்ன இருக்கின்றன?

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தப் பூட்டு காக்கிறது என்பதை வைத்து மூன்று கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள். நிரலிலும் அப்படித்தான் குறிப்பெழுதிப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகள்தான் அந்தக் கோப்பின் உயிர்.

முதல் கூட்டம், அந்த வரியின் சொந்தப் பூட்டான லாக் கையில் இருந்தால் மட்டுமே தொடக்கூடியது: ஸ்டேட் என்ற நிலை, எதற்காகத் தூங்குகிறது என்பதைச் சொல்லும் சான், கொல்லச் சொல்லி ஆணை வந்ததா என்ற கில்ட், பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய முடிவு எண்ணான எக்ஸ்ஸ்டேட், புரோசஸின் எண்ணான பிஐடி. இவை ஐந்தையும் மற்ற கோர்கள் எந்த நேரமும் எட்டிப் பார்க்கும். அதனால்தான் பூட்டு.

இரண்டாவது கூட்டத்தில் ஒன்றே ஒன்று: பேரன்ட், அதாவது பெற்றோரின் வரி இருக்கும் முகவரியைக் காட்டும் சுட்டி. இதைக் காப்பது வரியின் பூட்டு அல்ல, வெயிட்லாக் என்ற பொதுப் பூட்டு. பெற்றோர்-பிள்ளை உறவு இரண்டு வரிகளைச் சேர்ந்தது; ஒரு வரியின் பூட்டால் இரண்டையும் காக்க முடியாது. இரண்டு வகைப் பூட்டும் வேண்டுமென்றால் வெயிட்லாக்கை முதலில் எடுக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் இரண்டு கோர்கள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும்; திரையில் ஒரு செய்தியும் வராது.

மூன்றாவது கூட்டம் புரோசஸின் சொந்த உடைமை: கர்னல் ஸ்டாக்கின் (செயற்கூறுகள் தற்காலிகக் கணக்கை அடுக்கும் இடம்) முகவரி, நினைவக அளவு, நினைவக முகவரிகளின் வரைபடமான பேஜ் டேபிள், பின்னால் விளக்கப்படும் ட்ராப்ஃபிரேம், கான்டெக்ஸ்ட், திறந்த கோப்புகளுக்கான 16 இடங்கள், நடப்பு அடைவு, 16 எழுத்துப் பெயர். ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ் தன்னுடையதைத் தானே தொடும்போது பூட்டு வேண்டியதில்லை. வேறொருவர் தொட வராதவரைக்கும்தான் இந்த உரிமை. இன்னொரு புரோசஸின் நினைவக அளவை அறிய ஒரு சிஸ்டம் கால் (பயனர் நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் வழி) எழுதப் போகிறீர்கள் என்றால், இந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்று உணர்ந்து எழுதுங்கள்.

நிலைகள் எத்தனை?

ஆறு. காலி வரி, எடுத்தாயிற்று ஆனால் இன்னும் தயாராகவில்லை, தூக்கம், ஓடத் தயார், ஓடுகிறது, ஸாம்பி (முடிந்துவிட்டது, ஆனால் பெற்றோர் இன்னும் வரியைக் காலி செய்யவில்லை). பெரும்பாலோர் மறப்பது இரண்டாவதை. ஃபோர்க் பாதியில் இருக்கும் வரியை, அடுத்து யார் ஓடுவது என்று தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர் எடுத்துவிடாமல் தடுப்பது அந்த நிலைதான்.

கோருக்கும் தனி அட்டவணை எதற்கு?

செக்ரோலில் எல்லா ஆளும் இருப்பார்கள். ஆனால் தண்டலின் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: இந்த நேரத்தில் என் பார்வையில் வேலை செய்பவர் யார்? கர்னலில் அந்தச் சீட்டுக்குப் பெயர் சிபியு. எட்டு கோர்கள் வரை இடம் உண்டு. ஒன்றுக்கு 128 பைட், மொத்தம் 1,024.

அதில் நான்கே புலங்கள். இப்போது ஓடும் புரோசஸின் சுட்டி. யாரும் ஓடவில்லை என்றால் 0. ஷெட்யூலரின் கான்டெக்ஸ்ட். குறுக்கீட்டை (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தும் வன்பொருள் அழைப்பு) எத்தனை அடுக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்ற என்ஆஃப். முதல் அடுக்குக்கு முன் குறுக்கீடு திறந்திருந்ததா என்ற இன்ட்எனா.

இதில் பூட்டே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு கோரும் தன் சீட்டை மட்டுமே தொடும். ஆகவே பூட்டு தேவையில்லை, குறுக்கீட்டை நிறுத்தினால் போதும்.

நான் எந்தக் கோரில் ஓடுகிறேன் என்று கர்னலுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு கோரும் தன் எண்ணை டிபி என்ற ரெஜிஸ்டரில், அதாவது கோருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடத்தில், வைத்திருக்கிறது. கணினி எழும்போதே அந்த எண் அதில் ஏறிவிடும். ஆனால் பயனர் நிரல் டிபியில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் பயனர் பக்கம் திரும்பும் முன் கர்னல் தன் கோர் எண்ணை ட்ராப்ஃபிரேமில் எழுதி வைத்து, அடுத்த முறை உள்ளே வந்ததும் அதிலிருந்து மீட்கிறது.

இந்தக் கோரின் சீட்டைத் தரும் மைசிபியு என்ற செயற்கூற்றை அழைக்கும்போது குறுக்கீடு நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் சுட்டியை வாங்கிய அடுத்த நொடி டைமர் அடித்து, நீங்கள் வேறு கோருக்குப் போய்விடலாம். கையில் இருப்பதோ பழைய கோரின் சீட்டு. ஓடும் புரோசஸின் வரியைத் தரும் மைப்ராக்குக்கு இந்தக் கட்டுப்பாடு வெளியே தெரியாது. அது உள்ளேயே குறுக்கீட்டை நிறுத்தி, சுட்டியை எடுத்து, திறந்துவிடும். பிறகு நீங்கள் எந்தக் கோருக்கு நகர்ந்தாலும் உங்கள் புரோசஸ் உங்கள் புரோசஸ்தான், அந்தச் சுட்டி பழுதாகாது. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் பாதிப் பாடம் விளங்கிவிட்டது.

ட்ராப்ஃபிரேம், கான்டெக்ஸ்ட் இரண்டும் ரெஜிஸ்டரைத்தானே சேமிக்கின்றன? ஏன் இரண்டு?

சேமிக்கும் இடமும் வேறு, சேமிக்கும் நேரமும் வேறு. பயனர் நிரல் எந்தக் கட்டளையின் நடுவிலும் பிடிபடலாம். ஆகவே ஒன்றையும் விடாமல் 31 ரெஜிஸ்டரையும் சேமிக்க வேண்டும். அவற்றோடு கர்னலுக்கு வேண்டிய ஐந்து குறிப்புகளும் சேர்ந்து 36 இடங்கள், 288 பைட். இது ட்ராப்ஃபிரேம், இதற்கென்று ஒரு முழுப் பக்கம், 4,096 பைட், ஒதுக்கப்படுகிறது.

கான்டெக்ஸ்ட் கர்னலுக்குள் ஒரு ஓட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பயன்படுவது. ஸ்விட்ச் என்பது சாதாரணச் செயற்கூறு போல அழைக்கப்படுகிறது. அழைத்தவர் காத்துக்கொள்ள வேண்டிய ரெஜிஸ்டர்களை சி மொழித் தொகுப்பி ஏற்கெனவே ஸ்டாக்கில் போட்டுவிடும். மிச்சம் ஆர்ஏ, எஸ்பி, எஸ்0 முதல் எஸ்11 வரை, ஆக 14. 112 பைட்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த இரண்டு அமைப்புகளின் புல வரிசையை அசெம்பிளி நிரல் எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறது. நடுவில் ஒரு புலத்தைச் செருகினால் தொகுப்பி ஒரு வார்த்தை சொல்லாது. கர்னல் மட்டும் எழும்பாது. சேர்க்க வேண்டுமென்றால் கடைசியில் சேருங்கள். புரோக் வரிக்கு அந்தத் தொல்லை இல்லை, அதை அசெம்பிளி நேரடியாகத் தொடுவதில்லை.

ஒருவர் எடுத்த பூட்டை இன்னொருவர் விடுகிறாரே, இது தவறில்லையா?

எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பொதுவான வழக்கம், எடுத்தவரே விட வேண்டும் என்பது. கோரை விட்டுக்கொடுக்கும் யீல்டைப் பாருங்கள்: புரோசஸ் தன் வரியின் பூட்டை எடுக்கிறது, நிலையை 'ஓடத் தயார்' என்று மாற்றுகிறது, ஷெட் வழியாக ஸ்விட்சுக்குள் போகிறது. அந்தப் பூட்டை விடுவது அந்தக் கோரின் ஷெட்யூலர். எதிர்த் திசையிலும் அப்படியே: ஷெட்யூலர் எடுக்கும், ஓடப்போகும் புரோசஸ் விடும்.

தாவுவதற்கு முன்பே விட்டுவிட்டால் என்ன ஆகும்? வரியில் 'ஓடத் தயார்' என்று எழுதியாயிற்று. ஆனால் ரெஜிஸ்டர்கள் இன்னும் கான்டெக்ஸ்டில் சேமிக்கப்படவில்லை, நாமும் இன்னும் அந்த ஸ்டாக்கின் மேல்தான் நிற்கிறோம். அந்த இடைவெளியில் மற்றொரு கோர் அட்டவணையைப் பார்த்து, 'இதோ ஒரு ஆள்' என்று எடுத்துக்கொள்ளும். பழைய கான்டெக்ஸ்டை ஏற்றும். ஒரே ஸ்டாக்கில் இரண்டு கோர்கள். பிறகு திரும்பும் முகவரி கெட்டு, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் கர்னல் விழும். ஒரு முறை உடனே, மறு முறை பத்து நிமிடம் கழித்து. ஒரு கோரில் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

ஆகவே இந்தப் பூட்டு ஒரு செயற்கூற்றைக் காக்கவில்லை. 'வரியில் எழுதியிருப்பதும் உண்மை நிலையும் ஒன்று' என்ற உறுதியைக் காக்கிறது. அந்த உறுதி உடைந்திருக்கும் நேரம் முழுவதும் பூட்டு மூடியே இருக்க வேண்டும். யார் எடுத்தார், யார் விட்டார் என்பது அதற்கு அடுத்தது.

புதிதாகப் பிறந்த பிள்ளை ஷெட்டை அழைத்ததே இல்லை. அது எங்கிருந்து திரும்பும்? அதற்காகத்தான் வரி எடுக்கும்போதே கான்டெக்ஸ்டின் ஆர்ஏவில் ஃபோர்க்ரெட்டின் முகவரியும், எஸ்பியில் கர்னல் ஸ்டாக்கின் உச்சியும் எழுதப்படுகின்றன. ஃபோர்க்ரெட் செய்யும் முதல் வேலை பூட்டை விடுவது. அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்: 'அக்வயர்' என்ற பேனிக் (கர்னல் பிழை சொல்லி நின்றுவிடுவது) வரும், தன் பூட்டையே மறுபடி கேட்டதால்.

ஷெட் கொடுக்கும் பேனிக் செய்திகளை எப்படிப் படிப்பது?

ஷெட் தாவும் முன் நான்கு சோதனைகள் செய்கிறது. புரோசஸின் பூட்டு கையில் இல்லையென்றால் ஒரு செய்தி. நிலை இன்னும் 'ஓடுகிறது' என்றே இருந்தால் ஒன்று. குறுக்கீடு திறந்திருந்தால் ஒன்று. இவை மூன்றும் அபூர்வம். நீங்கள் பார்க்கப்போவது 'ஷெட் லாக்ஸ்': என்ஆஃப் 1 ஆக இல்லை. அதாவது புரோசஸின் பூட்டைத் தவிர வேறொரு ஸ்பின் பூட்டையும் (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்கும் சாதாரணப் பூட்டு) கையில் வைத்துக்கொண்டு தூங்கப் போகிறீர்கள்.

உங்கள் புதிய சிஸ்டம் காலில் பூட்டெடுத்த பிறகு வட்டைப் படிக்கும் செயற்கூறு எதையாவது அழைத்திருக்கிறீர்களா என்று தேடுங்கள். வட்டுக்காகக் காத்திருப்பது தூக்கம். ஸ்பின் பூட்டோடு தூங்கக் கூடாது. தூங்கும் நேரத்திலும் பூட்டு வேண்டுமென்றால் ஸ்லீப்லாக் என்ற வகை தனியாக இருக்கிறது.

இன்ட்எனா கோருக்குச் சொந்தமா, புரோசஸுக்கா?

நல்ல கேள்வி. அது இருப்பது கோரின் சீட்டில். ஆனால் குணத்தால் அது அந்தக் கர்னல் ஓட்டத்துக்குச் சொந்தம். ஷெட் அதை ஓர் உள்ளூர் மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு தாவி, திரும்பி வந்ததும் மைசிபியுவை மறுபடி அழைத்து எழுதுகிறது. ஏன் மறுபடி? திரும்பி வரும் கோர் வேறாக இருக்கலாம். புரோசஸே இல்லாத இடங்களிலும், கணினி எழும் நேரம் போல, பூட்டு எடுக்க வேண்டியிருப்பதால் அதைப் புரோக் வரிக்குள் வைக்க முடியவில்லை.

எழுப்புதல் தொலைந்து போவது என்றால் என்ன?

ஒரு புரோசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போகும் குழாய் ஒன்றில் எதுவும் இல்லை என்று பார்த்த புரோசஸ் தூங்கப் போகிறது. அது நிபந்தனையைப் பார்த்ததற்கும் நிலையைத் 'தூக்கம்' என்று எழுதியதற்கும் நடுவில் எழுத்தாளர் வந்து எழுதி, வேக்அப் அழைத்துவிட்டால்? தூங்குபவர் யாரும் இல்லையே என்று வேக்அப் போய்விடும். பிறகு தூங்கியவர் தூங்கியவரே.

தீர்வு: ஸ்லீப் நிபந்தனையின் பூட்டோடு உள்ளே வருகிறது, முதலில் வரியின் பூட்டை எடுத்து, அதன் பிறகே நிபந்தனையின் பூட்டை விடுகிறது. வேக்அப் அழைப்பவரிடம் நிபந்தனையின் பூட்டு இருக்கும். வரியைப் பார்க்க அது வரியின் பூட்டையும் கேட்கும். இரண்டில் ஒன்று எப்போதும் தூங்கப்போகிறவரிடம் இருப்பதால் இடைவெளி இல்லை. விழித்த பிறகு நிபந்தனையை வைல் சுற்றில் மறுபடி பாருங்கள், இஃப் போதாது. ஒரே சானில் பலர் தூங்கியிருக்கலாம். முதலில் ஓடியவர் எல்லாவற்றையும் எடுத்திருப்பார்.

முடிந்த புரோசஸ் ஏன் தன் வரியைத் தானே காலி செய்வதில்லை?

எக்சிட் ஓடுவதே அந்தப் புரோசஸின் கர்னல் ஸ்டாக்கில், அதன் பேஜ் டேபிள் இன்னும் பிடியில் இருக்கும்போது. நிற்கும் கிளையைத் தானே வெட்ட முடியாது. வரி 'காலி' ஆன அந்தக் கணமே வேறொரு கோர் அதை எடுத்து, அதே ஸ்டாக்கில் புதுப் பிள்ளையை ஓட்டிவிடக்கூடும். ஆகவே ஸாம்பி என்று எழுதி, பூட்டோடு ஷெட்யூலருக்குத் தாவுகிறது; ஷெட்யூலர் தன் சொந்த ஸ்டாக்கில் நின்று பூட்டை விட்ட பிறகே பெற்றோரின் வெயிட் அந்த வரியைக் காலி செய்ய முடியும். முடிவு எண்ணும் அதுவரை அங்கேயே காத்திருக்கும். பெற்றோர் முதலில் போய்விட்டால் பிள்ளைகள் இனிட்டின் பொறுப்பு.

புதிய புலம் ஒன்றைச் சேர்ப்பது எப்படி?

எத்தனை முறை ஓட வாய்ப்புக் கிடைத்தது என்று எண்ணும் ரன்கவுன்டை எடுத்துக்கொள்வோம். புரோக் அமைப்பில், பூட்டு வேண்டிய கூட்டத்தில் சேருங்கள். புது வரியை எடுத்துத் தரும் அல்லாக்ப்ராக்கில் 0 ஆக்குங்கள். மறந்தால் அந்த வரியில் முன்பு இருந்தவரின் எண் ஒட்டிக்கொள்ளும். ஷெட்யூலரில் நிலையை மாற்றும் வரிக்கு அடுத்து ஒன்று கூட்டுங்கள், பூட்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அட்டவணையைத் திரையில் காட்டும் ப்ராக்டம்ப்பில் அச்சிடுங்கள்; கன்ட்ரோல்-பி அழுத்தினால் தெரியும். ப்ராக்டம்ப் பூட்டெடுக்காது, சிக்கிக்கொண்ட கர்னலிலும் வேலை செய்ய வேண்டுமே என்று. அதனால் அதில் வரும் எண்ணைத் துல்லியமாக நம்ப வேண்டாம்.

புலம் ஒரு பக்க நினைவகத்தைச் சுட்டுமானால் வேலை கூடும். ஒதுக்கீடு தோற்றால் வரியைக் காலி செய்யும் ஃப்ரீப்ராக்கை அழைத்து, பூட்டை விட்டு, 0 திருப்ப வேண்டும். ஃப்ரீப்ராக்கில் அந்தப் பக்கத்தை விடுவிக்க வேண்டும். மறந்தால் யூசர்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு கடைசியில் இலவசப் பக்கங்கள் தொலைந்தன என்று சொல்லித் தோற்கும்.

ஸ்டாக்கில் பெரிய அணி வைக்கலாமா?

கூடாது. கர்னல் ஸ்டாக் ஒரே பக்கம், 4,096 பைட். அதற்குக் கீழே வெறும் காவல் பக்கம் இருப்பதால் வழிந்தால் உடனே பேனிக் வரும். அடுத்தவர் ஸ்டாக் கெடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எத்தனை கோரில் சோதிப்பது?

வழக்கமாக 3. புதிய நிரலை முதலில் ஒரு கோரில் ஓட்டுங்கள். அங்கேயே விழுந்தால் பிழை சாதாரணமானது, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் பிடித்துவிடலாம். ஒன்றில் ஓடி மூன்றில் விழுந்தால் பூட்டைத் தேடுங்கள்.

64ஐ 1,024 ஆக்கிவிடலாமா?

ஒரே எண்ணை மாற்றினால் ஆயிற்று. அட்டவணை 368,640 பைட் ஆகும். கர்னல் ஸ்டாக்குகள் கணினி எழும்போதே மொத்தமாக ஒதுக்கப்படுவதால் 256 கேபி இருந்த இடத்தில் 4 எம்பி போகும். அதுவும் தாங்கும். வேகம்தான் அடிபடும்: வேக்அப் ஒவ்வொரு முறையும் அழைத்தவருடையதைத் தவிர மற்ற எல்லா வரியின் பூட்டையும் எடுத்துப் பார்க்கிறது, வெயிட்டும் முழு அட்டவணையையும் வரிவரியாகத் தேடுகிறது. இன்னொன்று, ஃபோர்க்டெஸ்ட் 1,000 முறை ஃபோர்க் செய்து, நடுவில் எங்காவது தோற்கும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டது. இடம் தாராளமாகிவிட்டதால் அது தோற்காமல் 1,000ஐயும் தாண்டி, அதையே பிழை என்று அறிவிக்கும். அந்தச் செய்தி வந்தால் உங்கள் கர்னலைத் திருத்தாதீர்கள். சோதனையில் உள்ள 1,000ஐ உயர்த்துங்கள்.